ஒரு துளி இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் மன்றக் கூட்டம். ஒளியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கேள்விகளைத் துண்டுத் தாளில், பெயர் போடாமல் எழுதி, காலியான சாக்பீஸ் பெட்டி ஒன்றில் போடச் சொல்வது என் வழக்கம். எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளும் அப்போது கேட்டு விடுவார்கள்.

வானவில் ஏன் வளைந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். லேசர் கதிர் இரும்புத் தகட்டை எப்படி வெட்டுகிறது என்று இன்னொருவர். அந்தக் கேள்விக்குக் காரணம் அவருடைய தந்தை பார்க்கும் வேலையாக இருக்கலாம். நடுவில் ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தது: "பிறக்கும்போதே எச்.ஐ.வி. உள்ள பிள்ளை எத்தனை வயது வரை இருக்கும்?"

அதை நான் உரக்கப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்துவிட்டேன். "நான் பௌதிகம் கற்பிப்பவன், இது மருத்துவக் கேள்வி" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும் பேருந்தில் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அந்தக் கேள்வியை வெறும் ஆர்வத்தால் கேட்டிருக்கலாம். தம்பிக்காகக் கேட்டிருக்கலாம். தனக்காகவே கேட்டிருக்கலாம். அங்கே சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு வந்தால் அந்தப் பிள்ளை மற்றவர்களைப் போல வளரலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், மணம் செய்துகொள்ளலாம், தலை நரைக்கவும் காணலாம் என்று எதிர்பார்க்க இன்று நல்ல காரணங்கள் உள்ளன. மருந்து இல்லாவிட்டால்? சிகிச்சை கிடைக்காத காலத்தில், வைரஸுடன் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரண்டாவது பிறந்த நாளைக் காணவில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் கணக்கெடுத்தபோது தெரிந்த உண்மை இது. இந்த இரண்டு பதில்களுக்கும் இடையே இருப்பவை மருந்தும் அளவீடுகளும். மருந்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. அளவீட்டைப் பற்றிப் பேசலாம். அது எங்கள் குலத்தொழில்.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் எய்ட்ஸ் பற்றி நீங்கள் படிக்கிறீர்கள். எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, எலிசா, வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனைகள் எவை என்பதெல்லாம் அதில் உண்டு. குறை சொல்ல வேண்டும் என்றால் ஒன்று சொல்வேன்: அது வளர்ந்தவர்களின் நோயை மட்டுமே பேசுகிறது. அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு, எந்தத் தவறும் செய்யாமல் அந்த வைரஸுடன் பிறந்த ஒரு மாணவரோ மாணவியோ வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அதை எழுதியவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. இன்னும் வேடிக்கை என்னவென்றால், பாடம் முதலில் சொல்லும் எலிசா சோதனை பச்சிளங் குழந்தையிடம் பயன்படாது!

ஏன் என்று பாருங்கள். எலிசா பொதுவாக வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. திருடனைக் காணாமல், திருடன் வந்து போனதால் தெருவில் நிற்கும் காவலரைக் கண்டு முடிவு செய்வது போன்றது இது. வளர்ந்தவரிடம் இந்த முறை நன்றாக வேலை செய்யும். ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்குத் தாய் தன் எதிர்ப்பொருள்களை நஞ்சுக்கொடி வழியாகச் சீதனம் போலக் கொடுத்தனுப்புகிறாள். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறந்த முதல் மாதங்களில் குழந்தையைப் பல நோய்களிலிருந்து காப்பது அந்தச் சீதனமே. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் அதற்கான எதிர்ப்பொருளும் சேர்ந்தே வரும். அது முற்றிலும் மறைய ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். ஆகவே எச்.ஐ.வி. உள்ள 100 தாய்மாருக்குப் பிறந்த 100 குழந்தைகளையும் முதல் நாளில் எலிசா சோதனைக்கு உட்படுத்தினால், ஏறக்குறைய நூறு பேருக்கும் "உண்டு" என்றே விடை வரும். உண்மையில், எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டால்கூட, தாய்ப்பால் ஊட்டும் காலத்தையும் சேர்த்து, தொற்று ஏற்படுவது 15 முதல் 45 குழந்தைகளுக்கு. மற்றவர்களுக்கு வைரஸ் இல்லை. முன்காலத்தில் இந்தக் குழந்தைகளின் குடும்பங்கள் ஒன்றரை ஆண்டுக் காலம் விடை தெரியாமல் காத்துக் கிடந்தன.

எலிசாவை நான் பழிப்பதாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் இந்த வைரஸ் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில், 1986ஆம் ஆண்டில், அந்தச் சோதனையின் மூலம்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனைக் கருவி சென்னையில் இல்லை. மாதிரிகளை இரவு ரயிலில் எடுத்துக்கொண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. "இந்த நோய் நம் நாட்டுக்கு வராது" என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்த ஆறு குழிகளில் தோன்றிய நிறம் அடைத்தது. ஒவ்வோர் அளவுகோலுக்கும் அதற்கு உரிய இடம் உண்டு. இடம் மாறினால் தவறும். துணி அளக்கும் கோலால் பாலை அளக்க முடியுமா?

அப்படியானால் குழந்தையிடம் என்ன செய்வது? வைரஸையே நேராகத் தேட வேண்டும். அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே அதைவிடப் பல மடங்கு பெரிது. எனவே எத்தனை நல்ல ஒளி நுண்ணோக்கியாலும் அதைக் காண முடியாது. இங்கே உதவுவது 1983இல் கேரி மல்லிஸ் கண்ட, பி.சி.ஆர். எனப்படும் முறை. குறிப்பிட்ட மரபுப்பொருள் துண்டு ஒன்று இருந்தால் அதை இரண்டாக்கு, நான்காக்கு, எட்டாக்கு என்று இரட்டித்துக்கொண்டே போவதுதான் அதன் தந்திரம். சதுரங்கப் பலகையில் நெல்மணி கேட்டவன் கதை உங்களுக்குத் தெரியும். 30 முறை இரட்டித்தால் ஒன்று 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். அப்போது கருவியின் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் குதிகாலில் சிறிதாகக் குத்தி, சில இரத்தத் துளிகளை வடிதாள் போன்ற ஒரு தடித்த அட்டையில் ஒற்றி, உலர்த்தி, உறையிலிட்டுத் தொலைவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். பனிக்கட்டி தேவையில்லை, இரவு ரயிலும் தேவையில்லை. நம் நாட்டில் அரசுத் திட்டமாக இது 2010 முதல் நடைபெறுகிறது. இரத்தத்தை அட்டையில் உலர்த்தி அனுப்புவது மிக எளிய யோசனை. இந்தத் துறையில் என்னைக் கேட்டால், கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளைவிட இந்த அட்டைக்குத்தான் முதல் மரியாதை.

இதன் அருமையைத் தமிழ்நாடு நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது பின்னர் தெரிய வந்தது. நாடே அதிர்ந்தது. 2019 ஜனவரியில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு ஏற்கெனவே கூட்டு மருந்து கொடுத்து வந்தார்கள். குழந்தைக்கும் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். 45 நாள் கழித்துச் சோதித்தபோது குழந்தையிடம் வைரஸ் இல்லை. தாய்க்கு இழைக்கப்பட்ட தீங்கை எதுவும் ஈடு செய்யாது. ஆனால் தாயிடம் இருந்தால் குழந்தைக்கு வந்தே தீரும் என்று இன்னும் நினைப்பவர்கள் அந்தக் குழந்தையை நினைவில் வைக்க வேண்டும். தாய் உரிய காலத்தில் மருந்தைத் தொடங்கித் தொடர்ந்தால் இன்று நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான குழந்தைகளுக்கே தொற்று ஏற்படுகிறது.

அந்தச் சிலருக்கும் சீக்கிரம் தெரிவதில்தான் வாழ்வு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2008இல் வெளியாயிற்று. நோய்க்குறி தோன்றும் வரை காத்திருந்து மருந்து கொடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 16 பேர் இறந்தனர். குறி தோன்றும் முன்பே, பிறந்த மூன்று மாதத்துக்குள் கண்டறிந்து மருந்து தொடங்கிய குழந்தைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு நால்வர். ஆகவே அட்டையில் உலர்ந்த அந்தத் துளி தபாலில் இரண்டு வாரம் தாமதப்பட்டால் அதைச் சாதாரணத் தாமதமாக எண்ணக் கூடாது.

மருந்து தொடங்கியாயிற்று. அடுத்து, தடுப்பாற்றல் எப்படி இருக்கிறது என்று எப்படி அறிவது? இங்கே எங்கள் பௌதிகம் மேடைக்கு வருகிறது.

இரத்த வெள்ளையணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை. அவற்றிலும் சி.டி.4 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கியவை ஒரு பிரிவு. தடுப்பாற்றல் படையின் தளபதிகள் இவையே. எச்.ஐ.வி. குறிவைத்துப் புகுவதும் இவற்றுக்குள்ளேதான். இவற்றை எண்ண வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் சி.டி.4 உள்ள அணுவும் இல்லாத அணுவும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாகவே தோன்றும். என்ன செய்வது? சி.டி.4 புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை எடுத்து, அதன் வாலில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டி, இரத்தத்தில் கலக்கிறார்கள். இப்படி ஒரே இலக்கில் ஒட்டும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கண்டனர். 1984இல் நோபல் பரிசு பெற்றனர். பிறகு இரத்த அணுக்களை மெல்லிய நீர்த்தாரையின் நடுவே, ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் ஓடச் செய்கிறார்கள். கோயில் தரிசன வரிசையில் கம்பித் தடுப்புக்குள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போவதைப் போல. குறுக்கே 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல லேசர் கதிர் பாய்கிறது. அணு கதிரைக் கடக்கும்போது ஒளி சிதறும். முன்புறம் சிதறும் ஒளி அணுவின் பருமனைக் கூறும். பக்கவாட்டில் சிதறுவது உள்ளே எவ்வளவு மணிமணியாக இருக்கிறது என்பதைக் கூறும். சிதறல் என்றவுடன் உங்களுக்குச் சர் சி.வி.ராமன் நினைவுக்கு வரலாம். ஆனால் இது நிறம் மாறாத சாதாரணச் சிதறல். நிறம் மாறுவது சாயத்தில்தான். நீல ஒளியை விழுங்கிவிட்டுப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ உமிழும். அந்த மின்மினியை ஒளிமின் பெருக்கி ஒன்று பார்த்து எண்ணுகிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அணுக்கள் கடந்துவிடும்!

இதற்கு முன்னோடியான கருவிகளில் ஒன்றை அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் 1965இல் மாக் ஃபுல்வைலர் செய்தார். அவர் எங்கிருந்து கற்றார் தெரியுமா? மின்னூட்டம் ஏற்றிய மைத்துளிகளை மின்புலத்தால் வளைத்துத் தாளில் எழுதும் அச்சுக் கருவியிலிருந்து! மையின் இடத்தில் இரத்த அணு. மில்லிக்கனின் எண்ணெய்த் துளிச் சோதனையைத் தேர்வுக்கு மட்டும் என்று மனப்பாடம் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

இப்போது எண்ணிக்கை கையில் வந்துவிட்டது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 700 என்று வைத்துக்கொள்வோம். இது நல்லதா கெட்டதா? நாற்பது வயது ஆளுக்கு என்றால் நல்லது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 500 முதல் 1500 வரைதான் இருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு அதே 700 என்றால் அபாய மணி. ஏனென்றால் ஆரோக்கியமான சிசுவின் இரத்தத்தில் இந்த அணுக்கள் மிக அதிகம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 1500க்குக் கீழே போனாலே குறைவு, 750க்குக் கீழே கடுமையான குறைவு. ஒன்று முதல் ஐந்து வயது வரை அந்த எல்லைகள் 1000, 500. ஆறு வயதுக்கு மேல் 500, 200. வயதைக் கேட்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது, வகுப்பைக் கேட்காமல் மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட மோசமானது.

இன்னொரு விஷயம் எந்தச் சோதனைச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை. தற்செயலாக வரும் பொருள்களை எண்ணும்போது, எண்ணிய தொகையின் வர்க்கமூலம் அளவுக்கு ஊசலாட்டம் இருக்கும். 400 அணுக்களை எண்ணினால் 20 கூடக் குறைய வருவது இயற்கை. கருவியில் குறை இல்லை. எண்ணுவதன் இயல்பே அது. இதன் மேல், இரத்தம் எடுத்த வேளை காலையா மாலையா என்பதைப் பொறுத்தும், சாதாரணக் காய்ச்சல் சளியாலும் இந்த எண் மாறும். சென்ற முறை 520, இந்த முறை 480 என்று சீட்டு வந்தால் பெற்றோருக்குத் தூக்கம் போய்விடும். நாற்பது குறைந்துவிட்டதே! எதுவுமே குறையாமலும் இருக்கலாம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அழவும் கூடாது, ஆடவும் கூடாது. நான்கைந்து புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் குறித்து, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்தது இதற்கெல்லாம்தான்.

இரத்தத்தில் வைரஸ் எத்தனை என்று எண்ணும் வசதியும் இப்போது இருக்கிறது. சிகிச்சை பெறும் எல்லாருக்கும் அதைச் செய்யும் திட்டம் நம் நாட்டில் 2018இல் தொடங்கியது. மருந்து ஒழுங்காக வேலை செய்தால் வைரஸ், கருவியால் காண முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு சி.டி.4 அணுக்களை அடிக்கடி எண்ண வேண்டியதில்லை என்பது இன்று பரவலான கருத்து. வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை அதை ஏற்கலாம். பிறவியிலேயே தொற்றுள்ள பிள்ளைகளைப் பொறுத்து எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வைரஸ் ஒடுங்கினாலும் உடலில் ஒரு சிறு தணல் கனன்றுகொண்டே இருக்கலாம். இது தெரிய வந்த விதம் வேதனையானது. 33 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சி.டி.4 நன்றாக இருக்கும்போது பெரியவர்களுக்கு மருந்தை இடையிடையே நிறுத்திப் பார்த்தார்கள். மருந்தின் தொல்லை குறையும் என்பது எண்ணம். 2006இல் முடிவு வந்தபோது, நிறுத்தியவர்களிடையே மரணம் அதிகம். அதுவும் இதயம், சிறுநீரகம், ஈரல் என்று எய்ட்ஸோடு தொடர்பில்லாதவை போல் தோன்றும் நோய்களும் கூடின. சேமித்து வைத்த இரத்தத்தை மறுபடி ஆராய்ந்தபோது, அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6, இரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் ஆகிய பொருள்கள் முன்பே உயர்ந்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது தெரிந்தது.

இத்தகைய பொருள்களை உயிர்க்குறியீடுகள் என்கிறார்கள். பெயர் புதிதே தவிர, பொருள் பழையது. உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் ஈ.எஸ்.ஆர். சோதனையும் ஓர் உயிர்க்குறியீடு. குழாயில் இரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு தூரம் படிகின்றன என்று பார்ப்பது. அழற்சி இருந்தால் இரத்தத்தில் சில புரதங்கள் கூடி, சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்டோக்ஸ் விதிப்படி, ஆரம் இரண்டு மடங்கானால் விழும் வேகம் நான்கு மடங்கு. அதனால் அவை விரைந்து படிகின்றன. எங்கோ தீ எரிகிறது என்று இது சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட சி.ஆர்.பி. என்ற புரதமும் அப்படியே.

தீ எங்கிருந்து வருகிறது? ஒரு மூலம் குடல். உடலின் டி அணுக்களில் பெரும்பகுதி குடலை ஒட்டித்தான் குடியிருக்கிறது. தொற்று ஏற்பட்டவுடன் வைரஸ் அங்கே பெருத்த சேதம் விளைவிக்கிறது, வேலி ஓட்டையாகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சுவர்த் துண்டுகள் இரத்தத்துக்குள் கசிகின்றன. அவற்றைக் கண்டு உசுப்பப்பட்ட வெள்ளையணுக்கள் சி.டி.14 என்ற புரதத்தை உதிர்க்கின்றன. இரத்தத்தில் உதிர்ந்து கிடக்கும் சி.டி.14இன் அளவு, வேலியின் நிலையைப் பற்றி ஒரு செய்தி. இந்தக் கசிவை 2006இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது.

வளர்ந்தவருக்கு இந்தத் தணல் முப்பது ஆண்டு இருக்கலாம். பிறந்த நாள் முதல் தொடங்கினால்? அறுபது, எழுபது ஆண்டு. அதனால்தான் குழந்தைகளைப் பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறேன். ஆனால் கணக்கில் வரவும் உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. புதிய டி அணுக்கள் பயிற்சி பெற்று வெளிவரும் பாடசாலை அது. சிறுவயதில் சுறுசுறுப்பாக இருந்து, பருவம் அடைந்தபின் சுருங்கிவிடும். பயிற்சி முடித்த அணுவுக்குள், மரபுப்பொருளை வெட்டி ஒட்டியபோது மிஞ்சிய ஒரு சிறு வளையம் தங்கியிருக்கும். அணு இரண்டாகப் பிரிந்தாலும் இந்த வளையம் இரட்டிப்பதில்லை. ஆகவே இரத்தத்தில் வளையம் அதிகம் என்றால் பாடசாலையிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். முதல் ஆண்டிலேயே மருந்து தொடங்கிய குழந்தைகளின் தடுப்பாற்றல் நன்றாக மீள்வதற்கு இந்தப் பாடசாலை ஒரு முக்கியக் காரணம். பெரியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எண்ணிக்கை மீண்டாலும் பழைய நினைவு மீள்வதில்லை. மருந்துக்கு முன் போட்ட தட்டம்மைத் தடுப்பூசியை அணுக்கள் மறந்திருக்கக்கூடும். அதனால்தான் தடுப்பாற்றல் மீண்டபின் மறுபடி ஒரு தவணை போடும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகும்.

அப்படியானால் இந்தச் சோதனைகள் அனைத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்பேன். நான்கு கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 320 மில்லிலிட்டர். அதில் 5 மில்லிலிட்டர் எடுப்பது, உங்கள் தந்தையிடம் 78 மில்லிலிட்டர் எடுப்பதற்குச் சமம். அதோடு, உதிர்ந்த சி.டி.14 இத்தனை இருந்தால் இன்ன மருந்து என்று சொல்லும் எல்லைக்கோடு இன்னும் வரையப்படவில்லை. இவை இப்போதைக்கு ஆராய்ச்சிக்கு உரியவை. வயதுக்கு ஏற்ற சி.டி.4 கணக்கு, வைரஸ் எண்ணிக்கை, இரத்தசோகை, உயரம், எடை ஆகியவற்றைப் பிள்ளை வளரும்வரை விடாமல் ஒரே தாளில் குறித்து வந்தாலே போதும். நம் நாட்டில் கேட்க வேண்டியது புதிய கருவியை அல்ல, அறுபடாத அந்த வரைபடத்தை.

அந்த வரைபடம் யாருடையது? இந்தக் கட்டுரையில் நான் உறுதியாகச் சொல்ல விரும்பும் கருத்து இதுதான்: அது அந்தப் பிள்ளையுடையது. பல வீடுகளில் மாத்திரை எதற்கு என்றே சொல்லாமல் "சத்து மாத்திரை" என்று கொடுக்கிறார்கள். அன்பினால்தான். ஆனால் பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளை, "நான் நன்றாகத்தானே இருக்கிறேன், சத்து மாத்திரை எதற்கு" என்று ஒரு நாள் நிறுத்திவிட்டால்? பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வயதுக்கு ஏற்றவாறு, படிப்படியாக உண்மையைச் சொல்லவேண்டும் என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வர்க்கமூலம் தெரிந்த பிள்ளைக்குத் தன் சி.டி.4 வரைபடத்தைப் படிக்கத் தெரியாதா என்ன?

பிள்ளைக்கு உரியது என்றால் மற்றவர்களுக்கு உரியதல்ல என்று பொருள். 2003இல் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் வைரஸுடன் பிறந்த இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று மற்றப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நேரில் சென்று அவர்களை அணைத்துக்கொண்ட படம் பத்திரிகைகளில் வந்தது. ஒரு நாட்டின் அமைச்சர் வந்து தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது! ஒரே பெஞ்சில் உட்காருவதாலும் ஒரே குவளையில் குடிப்பதாலும் இது பரவாது என்பது அந்தக் காலத்திலேயே எல்லாப் பாட நூலிலும் இருந்த செய்திதான். இன்று சட்டமும் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, இந்தக் காரணத்துக்காகப் பள்ளியிலோ வேலையிலோ தங்குமிடத்திலோ ஒருவரை விலக்கக் கூடாது. வேலைக்குச் சேர இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கவும் கூடாது.

வல்லம் வடகால் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசி வாக்கியம் வெறும் பொது அறிவு அல்ல. 2024இல் இங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. மாலையில் பணி மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் வரிசையாகப் போகும் பேருந்துகளைப் பாருங்கள். சன்னலோரம் இருக்கும் முகங்களில் மிகப் பலவும் இருபதை ஒட்டிய வயது. நம் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. முதலில் திறந்த மையங்களில் தாம்பரம் ஒன்று. குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006 நவம்பரில் வந்தது. அன்று மூன்று நான்கு வயதில் மருந்தைத் தொடங்கிய பிள்ளைகள் இன்று இருபதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் இத்தகைய பேருந்துகளிலும் போகக்கூடும். யார் என்று நமக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

துண்டுத் தாளை எழுதிய மாணவருக்கு ஒரு வார்த்தை. 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்டால் தமிழிலேயே பதில் கிடைக்கும். காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. நேரில் கேட்பதானால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் பேருந்தில் போகலாம். தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கேள்விகளைப் படிக்கும்போது அதைத்தான் முதலில் எடுப்பேன்.